கார் பானட்டை வீட்டிலேயே தேய்த்து மங்கவைத்துவிட்டேன், இனி என்ன செய்யலாம்?

முதலில் நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எட்டு வருடம் ஓடிய கறுப்பு செடான். அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் தினமும் ஒருவர் வாளித் தண்ணீரும் துணியுமாக வந்து துடைக்கிறார். வெயிலில் நிறுத்தினால் சூரிய பிம்பத்தைச் சுற்றிச் சிலந்தி வலை போலக் கீறல்கள். வீடியோ பார்த்து 2000 நம்பர் வாட்டர் பேப்பர், ரப்பிங் காம்பவுண்ட் என்ற கரடான தேய்ப்புப் பசை, டிரில் மெஷினில் மாட்டும் கம்பளிப் பேட் எல்லாம் வாங்கி பானட்டைத் தேய்த்திருக்கிறீர்கள். இப்போது பானட் மங்கிப்போய், வெயிலில் வில் வில்லாகத் தடம் தெரிகிறது. விளிம்பில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குப் பளபளப்பே இல்லாத திட்டு ஒன்றும் இருக்கிறது. ஒரு கடையில் செராமிக் கோட்டிங் போட்டால் மறைந்துவிடும் என்றார்கள், இன்னொரு கடையில் பானட் முழுவதும் பெயின்ட் அடிக்க வேண்டும் என்றார்கள். எங்கே தப்பு நடந்தது, யார் சொல்வது சரி, டீட்டெயிலிங், அதாவது காரின் பெயின்ட்டைச் சுத்தம் செய்து மெருகேற்றும் வேலை, செய்பவர்கள் ஏன் இதைப் பார்த்ததும் தயங்குகிறார்கள் என்று மூன்று கேள்விகள். மூன்றுக்கும் பதில் ஒரே இடத்தில்தான் இருக்கிறது: அந்த பானட்டில் கிளியர் கோட் இன்னும் எவ்வளவு மிச்சம்?

தொழிற்சாலையில் அடித்து வரும் பெயின்ட் நான்கு அடுக்கு. தகட்டின் மேல் துருப் பிடிக்காமலிருக்க மின்முறையில் ஏற்றும் அடிப்பூச்சு சுமார் 20 மைக்ரான். அதன் மேல் பிரைமர் 30 சொச்சம். பிறகு நிறத்தைத் தரும் பேஸ் கோட் 15 சொச்சம். கடைசியாக நிறமே இல்லாத கிளியர் கோட், பெரும்பாலும் 35 முதல் 50 மைக்ரான். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு; தலைமுடி ஒன்றின் தடிமனே ஏறக்குறைய 70 மைக்ரான் இருக்கும். பளபளப்பு என்று நாம் பார்ப்பது முழுக்க அந்த முடியைவிட மெல்லிய கிளியர் கோட்டின் மேற்பரப்பைத்தான். கீறல் என்பது அதில் விழுந்த பள்ளம். பள்ளத்தின் ஓரங்கள் வெளிச்சத்தைத் தாறுமாறாகச் சிதறடிப்பதால் கண்ணில் படுகிறது. காம்பவுண்டும், அதைவிட மெல்லிய தேய்ப்புப் பசையான பாலிஷும் அந்தப் பள்ளத்தை நிரப்புவதில்லை. சுற்றியுள்ள மேற்பரப்பைப் பள்ளத்தின் அடிமட்டம் வரைக்கும் சீவி இறக்குகின்றன. 3 மைக்ரான் ஆழக் கீறல் முழுதாகப் போக வேண்டுமென்றால் அந்தப் பகுதியில் 3 மைக்ரான் கிளியர் கோட் போயே ஆக வேண்டும். போனது திரும்பி வராது. புற ஊதாக் கதிரைத் தாங்கும் ரசாயனங்களும் அந்தக் கிளியர் கோட்டுக்குள்தான் கலந்திருக்கின்றன. ஆகவே அளவுக்கு மேல் மெலிந்த இடம் அன்றைக்குப் பளபளத்தாலும், நம் ஊர் வெயிலில் சில வருடங்களில் வெளுத்து உரியத் தொடங்கும். காரின் ஆயுள் முழுவதற்கும் சேர்த்து 8 மைக்ரானுக்கு மேல் எடுக்காமலிருப்பது நல்லது என்பது தொழிலில் பலரும் கைக்கொள்ளும் எல்லை. எல்லா காருக்கும் பொருந்தும் விதியாக அதைச் சொல்ல முடியாது. ஆனால் கவனமாக இருப்பதற்கு நல்ல எண்.

இந்தக் கணக்கோடு நீங்கள் செய்ததைப் பார்ப்போம். துணியால் துடைத்து வரும் அந்தச் சிலந்தி வலைக் கீறல், ஸ்விர்ல் மார்க் என்பார்கள், மிக மேலோட்டமானது, நகத்தால் வருடினால் தட்டுப்படாது. ஒரு சாதாரண பாலிஷும் மென்மையான நுரைப் பேடும் அதில் பெரும்பகுதியை எடுத்துவிடும். அதற்கு 2000 நம்பர் பேப்பர் தேவையே இல்லை. பேப்பர் தேய்க்கும்போதே சில மைக்ரான் போகிறது. அது விட்டுச்செல்லும் கீறல் நீங்கள் எடுக்க நினைத்த கீறலைவிட ஆழமானது என்பதால், அதை எடுக்கக் காம்பவுண்ட் போடும்போது இன்னும் கொஞ்சம் போகிறது. விரலால் அழுத்தித் தேய்த்திருந்தால் விரல் பதிந்த இடத்தில் மட்டும் பள்ளமாக, கோடு கோடாக இறங்கியிருக்கும். டீட்டெயிலர்கள் வாட்டர் பேப்பரைத் தொடவே மாட்டார்கள் என்றில்லை. ஒரு தனி ஆழக் கீறலுக்கோ, புதிதாகப் பெயின்ட் அடித்த பேனலில் ஆரஞ்சுத் தோல் போன்ற மேடுபள்ளத்தைச் சமன்படுத்தவோ பயன்படுத்துவார்கள். அப்போதும் தடிமனை அளந்த பிறகு, தட்டையான பிளாக் வைத்து, பேப்பரைச் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, பெரும்பாலும் இன்னும் மெல்லிய 3000 நம்பரில், உள்ளங்கை அளவு இடத்தில்தான். வீடியோக்களில் வெள்ளை வெளேரென்று தேய்த்துவிட்டு மறுநிமிடம் கண்ணாடியாக மின்னுவதைக் காட்டுகிறார்கள். அந்தப் பேனலில் எத்தனை மைக்ரான் இருந்தது, எத்தனை போனது என்று பெரும்பாலும் சொல்வதில்லை.

விளிம்பில் திட்டு விழக் காரணம் டிரில் மெஷினாகத்தான் இருக்க வேண்டும். டிரில்லும் ரோட்டரி பஃப்பிங் மெஷினும் பேடை ஒரே அச்சில் சுழற்றுகின்றன. அழுத்தினாலும் சுழற்சி நிற்காது, உராய்வு முழுவதும் ஒரே இடத்தில் சூடாக இறங்கும். டிரில்லில் கூடுதல் ஆபத்து, பேடை மட்டமாகப் பிடிக்கவே முடியாது. ஏதோ ஒரு ஓரம்தான் பெயின்ட்டைத் தொடும். நீங்கள் பார்க்கும் வில் வடிவத் தடம், ஹோலோகிராம் என்று சொல்வார்களே, அது இப்படித்தான் வருகிறது. பானட்டின் விளிம்பிலும் அதன் நடுவில் ஓடும் மடிப்புக் கோடுகளிலும் பெயின்ட் இயல்பாகவே மெல்லியது. திரவமாக இருக்கும்போதே அது கூர்மையான இடத்திலிருந்து விலகி ஒதுங்கிவிடும். மெல்லிய இடத்தில், ஓரம் மட்டும் படும் பேடை, சூடு ஏற ஏற அழுத்தினால் கிளியர் கோட் சில வினாடிகளில் போய்விடும். பல வருட அனுபவம் உள்ளவர்கள்கூட விளிம்புகளில் மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டுத்தான் மெஷினைத் தொடுகிறார்கள். இரண்டு அசைவு சேர்ந்த டிஏ மெஷின் வேறு மாதிரி. பேட் தள்ளாடிக்கொண்டே சுற்றும், கூடுதலாக அழுத்தினால் சுழற்சி நின்றுவிடும். அதனாலேயே புதிதாகக் கற்பவருக்கு அதைத்தான் சொல்வது. அதிலும் விளிம்பைச் சுட, அதாவது கிளியர் கோட்டைத் தேய்த்துத் தீர்த்துவிட, முடியும், ஆனால் அதற்கு வெகுநேரம் பிடிவாதமாகத் தேய்க்க வேண்டும்.

இன்னும் இரண்டு விஷயம் நீங்கள் எழுதவில்லை, ஆனால் கேட்க வேண்டும். தேய்ப்பதற்கு முன் கழுவியதோடு நிறுத்தினீர்களா, பதிந்த துகளை உருவி எடுக்கும் களிமண் போன்ற கிளே போட்டீர்களா? கழுவிய பிறகும் பிரேக் தூள், தார், சிமென்ட் துகள் எல்லாம் பெயின்ட்டில் பதிந்து நிற்கும். மெல்லிய பாலித்தீன் பையைக் கையில் மாட்டிக்கொண்டு தடவினால் சொரசொரப்பாகத் தெரியும். அதை எடுக்காமல் பேடை ஓட்டினால் அந்தத் துகளே பேடுக்குள் போய்க் கீறும். இரும்புத் துகளைக் கரைக்கும் ஸ்ப்ரே அடித்து, அது ஊதாவாக மாறியதும் காயவிடாமல் கழுவி, பிறகு நிறைய வழுக்கு நீர் தெளித்துக் கிளேயால் அழுத்தாமல் தடவ வேண்டும். கிளே தரையில் விழுந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள், மண்ணைப் பிரித்தெடுக்க முடியாது. இரண்டாவது, வெயிலில் வைத்துச் செய்தீர்களா? கறுப்பு பானட் மதிய வெயிலில் கை வைக்க முடியாத சூட்டில் இருக்கும். காம்பவுண்ட் வேலை செய்வதற்கு முன்பே காய்ந்து மாவாகிவிடும், கிளியர் கோட்டும் இளகியிருக்கும்.

இப்போது அந்தத் திட்டு என்ன என்பதை வீட்டிலேயே ஓரளவு கண்டுபிடிக்கலாம். அதன் மேல் தண்ணீரைத் தடவுங்கள். பேப்பர் கீறலால் வந்த மங்கலாக இருந்தாலும் சரி, கிளியர் கோட் போன இடமாக இருந்தாலும் சரி, ஈரத்தில் இரண்டுமே கறுப்பாகத் தெரிந்து காய்ந்ததும் மங்கும். ஆகவே தண்ணீர் மட்டும் முடிவு சொல்லாது. திட்டின் ஓரத்தைப் பாருங்கள். மங்கல் படிப்படியாகக் கலந்து மறைந்தால் கீறலாக இருக்க வாய்ப்பு அதிகம். வரைபடத்தில் தீவு வரைந்ததுபோல் தெளிவான கரை தெரிந்தால் கிளியர் கோட் போய்விட்டது என்றே கொள்ளலாம். இன்னும் உறுதியான சான்று உங்கள் பேடில் இருக்கிறது. கிளியர் கோட்டைத் தேய்த்தால் வெள்ளையாகவோ அழுக்குச் சாம்பலாகவோதான் வரும். கார் நிறமே பேடில் அல்லது துணியில் ஏறியிருந்தால் பேஸ் கோட்டைத் தொட்டுவிட்டீர்கள். கிளியர் கோட்டே இல்லாத பழைய ஒற்றைப் பூச்சு கார்களில் நிறம் வருவது இயல்பு என்பது இதற்கு ஒரு விதிவிலக்கு. சாம்பல் நிறம் எட்டிப் பார்த்தால் அது பிரைமர். அதற்குப் பிறகு பாலிஷ் பற்றிய பேச்சே வேண்டாம்.

மிச்சத்தை அறியப் பெயின்ட் தடிமன் அளக்கும் கருவி வேண்டும். நல்ல டீட்டெயிலரிடம் இருக்கும், காரை எடுத்துப்போய் அளந்து காட்டச் சொல்லலாம். கூரை, கதவு, ஃபெண்டர், பானட்டின் நடு, விளிம்பு என்று 20 இடமாவது அளக்க வேண்டும். கூரையில் 115, பானட் நடுவில் 108, விளிம்பில் 80 என்று வந்தால் விளிம்பில் கிளியர் கோட் வெகுவாக மெலிந்திருக்க வாய்ப்பு அதிகம். ஏதாவது ஒரு பேனலில் மட்டும் 200, 250 என்று வந்தால் அது முன்பே மறுபெயின்ட் ஆனது, 500-ஐத் தாண்டினால் கீழே பெரும்பாலும் பள்ளத்தை நிரப்பிய பட்டி இருக்கிறது. ஆனால் இந்தக் கருவிக்கும் எல்லை உண்டு. அது மொத்தத் தடிமனை மட்டும் சொல்லும், அதில் கிளியர் கோட் எவ்வளவு என்று பிரித்துச் சொல்லாது. சில மைக்ரான் முன்பின் காட்டும். தொழிற்சாலையிலிருந்து வரும்போதே ஒரே காரில் இடத்துக்கு இடம் 10, 20 மைக்ரான் வித்தியாசம் இருக்கலாம். பிளாஸ்டிக் பம்பரில் சாதாரணக் கருவி வேலையே செய்யாது. அலுமினிய பானட் என்றால் அதற்கேற்ற கருவி வேண்டும். நேரில் பார்க்காமல், அளவும் இல்லாமல், உங்கள் பானட் பிழைக்குமா என்று இங்கே உட்கார்ந்து உறுதியாகச் சொல்ல என்னால் முடியாது. அளக்காமலே உறுதி தருபவர் யாராக இருந்தாலும் நம்ப வேண்டாம்.

அந்த வகையில் இரண்டு கடையில் முதல் கடை சொன்னது நிச்சயமாகத் தவறு. செராமிக் கோட்டிங் என்பது பெரும்பாலும் ஒரு மைக்ரான் அளவுக்குப் படியும் நிறமற்ற படலம். கீழே இருப்பதை அப்படியே காட்டும். கறுப்புக் காரில் ஹோலோகிராம் மேல் அதைப் போட்டால் பளபளப்பு கூடி ஹோலோகிராம் இன்னும் எடுப்பாகத் தெரியும். பிறகு பாலிஷ் செய்ய வேண்டுமானால் கோட்டிங்கையும் சேர்த்துத் தேய்த்து எடுக்க வேண்டும். 9எச் என்று விளம்பரப்படுத்துவது பென்சில் கடினச் சோதனையின் அளவு. மண்ணோடு துணி போட்டுத் துடைத்தால் கோட்டிங்கும் கீறும். இரண்டாவது கடை சொன்னது, கிளியர் கோட் போயிருந்தால் சரி, போகாவிட்டால் அவசரப்பட்டுச் சொன்னது. நாணயம் அளவு இடத்துக்கு ஏன் முழு பானட் என்று தோன்றும். கிளியர் கோட்டைப் பேனலின் நடுவில் கொஞ்சமாக அடித்து நிறுத்தினால் சேரும் ஓரம் நாளடைவில் கோடாகத் தெரியும், அங்கிருந்தே உரியவும் செய்யும். அதனால்தான் திட்டில் மட்டும் நிறம் கொடுத்துவிட்டுக் கிளியர் கோட்டைப் பேனல் முழுவதும் அடிப்பார்கள். வெறும் கறுப்பு என்றால் நிறம் பொருத்துவது எளிது. மெட்டாலிக் கறுப்பு என்றால் பக்கத்து ஃபெண்டர்களிலும் கொஞ்சம் கலந்து அடிக்க நேரலாம். நீங்கள் உடனே பதற வேண்டாம். பேஸ் கோட் வரை மட்டும் போயிருந்தால் கீழே பிரைமரும் அடிப்பூச்சும் இருக்கின்றன, நாளைக்கே துருப் பிடிக்காது. டச்-அப் பாட்டிலில் வரும் கிளியரைச் சின்னத் தூரிகையால் மெல்லியதாக வைத்து மூடினால், பார்வைக்கு அழகாக இருக்காது, ஆனால் பெயின்ட் அடிக்கும் வரை வெயிலைக் கொஞ்சம் தாங்கும்.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். பூச்சைக் கெட்டிப்படுத்தும் ஹார்ட்னர் கலந்த டூ-கே கிளியர் டின் வாங்கி பார்க்கிங்கில் வைத்து அடித்துப் பார்க்காதீர்கள். அதிலுள்ள ஐசோசயனேட் என்ற ரசாயனம் மூச்சில் போனால் வாழ்நாள் ஆஸ்துமா வரக்கூடும். துணி முகக்கவசமும் சாதாரணத் தூசிக் கவசமும் அதைத் தடுக்காது. ஹார்ட்னர் இல்லாத ஸ்ப்ரே டின்னில் அந்த ஆபத்து இல்லை, ஆனால் அந்தப் பூச்சு பெட்ரோல் பட்டாலே இளகும்.

திட்டைத் தவிர்த்த மற்ற பானட்டில் அளவு நன்றாக இருந்தால், அந்த மங்கலும் ஹோலோகிராமும் பெரும்பாலும் எடுக்கக்கூடியவை. கையில் கிடைத்ததில் மிக மென்மையானதில் தொடங்குவதுதான் முறை. நிழலில், பானட் ஆறிய பிறகு, விளிம்பிலும் மடிப்புக் கோட்டிலும் டேப் ஒட்டுங்கள். ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி சதுரம் ஒன்றைச் சோதனைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். டிஏ மெஷினில் மென்மையான நுரைப் பேட், மெல்லிய பாலிஷ், பட்டாணி அளவில் நான்கு சொட்டு. முதலில் 1 அல்லது 2 வேகத்தில் பரப்பிவிட்டு, 4 அல்லது 5 வேகத்தில் வினாடிக்கு ஓர் அங்குலம் நகர்த்தி, ஒவ்வொரு வரிசையும் முந்தையதில் பாதியை மூடும்படி, நெடுக்கும் குறுக்குமாக நான்கைந்து முறை. பேடைப் பிடிக்கும் தட்டின் ஓரத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுக்கொண்டால் அது சுற்றுகிறதா, வெறுமனே அதிர்கிறதா என்று தெரியும். வெறுமனே அதிர்ந்தால் அழுத்தம் அதிகம். துடைத்துவிட்டு, ஐசோபுரொபைல் ஆல்கஹாலைத் தண்ணீரோடு 15 சதவீத அளவில் கலந்து தெளித்து இன்னொரு முறை துடைத்து, செல்போன் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். போதவில்லை என்றால் அதே பாலிஷோடு சற்றுக் கடினமான பேட், அதற்கும் போகவில்லை என்றால்தான் காம்பவுண்ட். காம்பவுண்ட் போட்ட இடத்துக்கு மறுபடி மெல்லிய பாலிஷ் கட்டாயம், இல்லாவிட்டால் கறுப்பில் புகை படிந்ததுபோல் நிற்கும். ஒவ்வொரு சதுரம் முடிந்ததும் பேடைப் பிரஷ்ஷால் சுத்தம் செய்யுங்கள். பேட் நனைந்து சூடாகிவிட்டால் மாற்றுங்கள். ஒரு பானட்டுக்கே இரண்டு மூன்று வேண்டியிருக்கும். ஏதாவது ஒரு கீறல் பிடிவாதமாக நின்றால் விட்டுவிடுங்கள். 80 சதவீதம் போனாலே நாலடி தூரத்தில் நின்று பார்ப்பவருக்குத் தெரியாது, மீதி 20-ஐத் துரத்தும்போதுதான் கிளியர் கோட் காலியாகிறது.

ஆல்கஹால் துடைப்பை எதற்காகச் சொன்னேன் என்றால், பல பாலிஷ்களில் எண்ணெயும் மெழுகும் கலந்திருக்கும். அவை கீறலுக்குள் புகுந்து சில வாரம் மறைக்கும், நாலு கழுவலில் கீறல் திரும்ப வந்து நிற்கும். கடையில் வேலை முடிந்து காரை எடுக்கும்போதும் ஒரு சின்ன இடத்தில் இந்தத் துடைப்பைச் செய்துகாட்டச் சொல்லலாம். கோட்டிங் போடுவதாக இருந்தால், போடுவதற்கு முன்பே கேட்க வேண்டும். டீசல், தேங்காய் எண்ணெய், டபிள்யூடி-40 தடவினால் பளபளப்பதும் இதே காரணத்தால்தான், கூடவே தூசியையும் ஒட்டவைக்கும். பற்பசை உண்மையிலேயே தேய்க்கும், அதில் கால்சியம் கார்பனேட் அல்லது சிலிக்கா துகள் இருக்கிறது. ஆனால் காருக்காக அளந்து செய்த துகள் இல்லை, கறுப்பில் மங்கல் விடும். பாத்திரம் கழுவும் சோப்பு பெயின்ட்டைக் கெடுக்குமா என்பதில் சொல்லப்படும் அளவுக்கு ஆதாரம் இல்லை. மெழுகைக் கொஞ்சம் குறைக்கலாம்.

டீட்டெயிலர்கள் தயங்குவதற்குக் காரணம் உங்கள் மேல் இளக்காரம் என்று நினைக்காதீர்கள். அவர்களில் பெரும்பாலோர் பழைய பேனல் ஒன்றைச் சுட்டுத்தான் கற்றிருக்கிறார்கள். வேறொருவர் எவ்வளவு தேய்த்தார் என்று தெரியாத பேனலில் அடுத்துத் தேய்ப்பவர் கையில்தான் அது வெடிக்கும், பழியும் அவர் மேல்தான் விழும். ஆகவே மறைக்காமல் சொல்லுங்கள்: எந்த நம்பர் பேப்பர், எந்த இடத்தில், எத்தனை முறை, எந்தக் காம்பவுண்ட், பேடில் நிறம் வந்ததா. இந்த எட்டு வருடத்தில் சர்வீஸ் சென்டரில் எத்தனை தடவை ரப்பிங் பாலிஷ் போட்டார்கள் என்பதையும் பழைய பில்களைப் பார்த்துச் சொல்லுங்கள். வருடா வருடம் இலவசமாகவோ பேக்கேஜிலோ செய்யும் அந்தப் பாலிஷும் பெரும்பாலும் ரோட்டரி மெஷினில் கிளியர் கோட்டைச் சீவுவதுதான். உங்கள் பானட் நீங்கள் தொடுவதற்கு முன்பே மெலிந்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு. மறுபெயின்ட் செய்தால் குறைந்தது ஒரு மாதம் மெழுகோ கோட்டிங்கோ போடாமல் ஆறவிடுங்கள், சரியான நாள் கணக்கைப் பெயின்ட்டரிடமே கேளுங்கள். சூட்டறையில் வாட்டியதா இல்லையா என்பதைப் பொறுத்து மாறும்.

எது செய்தாலும், காலையில் வரும் அந்த வாளியும் துணியும் தொடர்ந்தால் மூன்று மாதத்தில் சிலந்தி வலை திரும்ப வரும். இரவு படிந்த தூசியின் மேல் ஈரத்துணியை இழுப்பதுதான் ஸ்விர்ல் மார்க்கின் ஊற்று. அதே துணி முந்தின காரின் சக்கரத்தையும் துடைத்திருக்கும், பல இடங்களில் அது தையல் விளிம்பு உள்ள பனியன் வேஸ்ட். துடைப்பவரைக் குறை சொல்வதில் பயனில்லை, முப்பது காருக்கு ஒரு வாளிதான் அவருக்குக் கிடைக்கிறது. மாதக் காசைக் குறைக்காமல், கண்ணாடியை மட்டும் துடையுங்கள், பெயின்ட்டைத் தொட வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வாரம் ஒருமுறை முதலில் தண்ணீர் பீய்ச்சி மண்ணை இறக்கி, ஒரு வாளியில் ஷாம்பு, இன்னொன்றில் வெறும் தண்ணீர் வைத்து, மேலிருந்து கீழாக மைக்ரோஃபைபர் கையுறையால் கழுவி, ஒவ்வொரு பேனல் முடிந்ததும் கையுறையை வெறும் தண்ணீரில் அலசிக்கொள்ளுங்கள். போர் தண்ணீர் என்றால் வெயிலில் காயவிடாதீர்கள். உப்பு வட்டம் விழுந்துவிட்டால் வெள்ளை வினிகரைச் சம அளவு தண்ணீரில் கலந்து கறையில் தடவி உடனே கழுவினால் புதிய கறை போகும். பெயின்ட்டை அரித்துப் பள்ளமாகிவிட்ட கறைக்கு மறுபடி பாலிஷ்தான் வேண்டும், அதற்கும் இருக்கிற கிளியர் கோட்டிலிருந்துதான் எடுக்க வேண்டியிருக்கும்.